காசு கொடுத்தும் திருட்டுப் பட்டம்!

கம்ப்யூட்டர் திரையின் வலது பக்கக் கீழ் மூலை இருக்கிறதே, அது ஒரு விவகாரமான இடம். வருஷக்கணக்கில் மணியும் தேதியும் காட்டிக்கொண்டு பரம சாதுவாக இருக்கும். திடீரென்று ஒரு நாள் அதற்கு மேலே, வெளுத்துப்போன எழுத்தில், 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று முளைக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் அதன் மேல் தெரியும். மகளின் பிறந்தநாள் போட்டோவைத் திறந்தாலும் அதன் மேல் தெரியும். துடைத்தால் போகாது. (துணி போட்டுத் துடைத்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்!)

மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: 'ஏம்ப்பா, இந்த விண்டோஸை நீ காசு கொடுத்து வாங்கினாயா, இல்லை சுட்டாயா?'

சுட்டவரைக் கேட்டால் நியாயம். பில் போட்டு, வரி கட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தவரைக் கேட்டால்?

கேட்கிறது. அதுவும் மெஷினுக்கு நல்லது செய்யப் போன அன்றைக்குப் பார்த்துக் கேட்கிறது.

முறுக்குக் கடையில் ஒரு முறுக்கல்

ஆட்டையாம்பட்டியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அதன் முறுக்கைக் கடிக்காத பல் சேலம் ஜில்லாவில் அபூர்வம். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் வருகிற ஊர். அரிசி மாவைக் கையாலேயே முறுக்கி முறுக்கிச் சுற்றுப் போடுகிற கை முறுக்குதான் ஊருக்கு விலாசம். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிற ஆசாமிக்குப் பேனாவில் காபிச் செலவுதான் தேறும். அதனால் அங்கே ஒரு முறுக்குக் கடைக்கு மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். (சம்பளத்தோடு முறுக்கும் உண்டு.)

அந்தக் கடையின் கம்ப்யூட்டர் கம்பெனி அயிட்டம். விண்டோஸோடு சேர்த்தே வந்தது. கொஞ்ச நாளாகத் திக்கித் திக்கி ஓடியதால் டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மெஷின் வந்தது. கூடவே ஒரு வாக்குறுதியும் வந்தது.

"பயாஸ் பழசா இருந்துச்சுங்ணா. அப்டேட் அடிச்சு விட்டிருக்கேன். இனி குதிரையாட்டம் ஓடும்."

குதிரை ஓடியது. ஆனால் மூலையில் அந்த எழுத்து! தேதி 18. மாதாந்தர 3பி ரிட்டர்ன் போட 20 கடைசி.

கடைக்காரர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏந்தம்பி, பில்லு வெச்சிருக்கோம், வாரண்டி அட்டை வெச்சிருக்கோம். நம்ம பொட்டி நம்மளையே திருடன்ங்குதே! ரிட்டர்ன் போட உடுமா, உடாதா?"

பக்கத்தில் முறுக்கு வாங்க வந்து நின்ற ஒரு பையன் சும்மா இருந்திருக்கலாம். "முந்நூறு ரூவா குடுங்ணா. எங்கிட்ட ஒரு டூல் இருக்குது. ரெண்டே நிமிஷம், எழுத்து போயிரும்" என்றான்.

கடைக்காரரின் கை கல்லாப் பெட்டிக்குப் போனது.

அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைப்போம். அதற்குள் இந்த பயாஸ் என்கிற பிரகஸ்பதி யார் என்று பார்த்துவிடலாம்.

வாசல் தெளிக்கும் ஆயா

சுவிட்சைப் போட்டதும் விண்டோஸ் வந்து நிற்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை. விடிவதற்கு முன் வந்து, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, எண்ணெய்ச் சட்டியை ஏற்றி வைத்துவிட்டு, "ம், முதலாளி வரலாம்" என்று ஒதுங்கிக்கொள்கிற ஆயா மாதிரி ஒரு குட்டி புரோகிராம் இருக்கிறது. மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா, கீ போர்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது அதன் வேலை. அதுதான் பயாஸ். மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சிப்பில் குடியிருக்கிறது. இந்த ஜாதிக்குப் பொதுப் பெயர் ஃபர்ம்வேர். இப்போதைய மெஷின்களில் யு.இ.எஃப்.ஐ. என்று அதற்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். வாய்க்கு வசதிப்படாததால் உலகம் இன்னும் பயாஸ் என்றே கூப்பிடுகிறது.

அந்த சிப்பில் இருப்பதை அழித்து எழுதலாம். வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான். 1999 ஏப்ரல் 26இல் 'செர்னோபில்' என்று பேர் வாங்கிய சி.ஐ.எச். வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸில் குப்பையை எழுதிக் கண் திறக்க முடியாமல் செய்தது. பயாஸ் போனால் மெஷின் போச்சு. டிஸ்க்கில் எத்தனை விண்டோஸ் இருந்தாலும் எழுப்ப ஆள் கிடையாது.

'அப்படியானால் கையே வைக்க வேண்டாமே' என்பீர்கள். அதுவும் முடியாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று ப்ராஸஸரிலேயே ஓட்டைகள் இருப்பது வெளியானது. அடைக்கிற மருந்தில் ஒரு பகுதி பயாஸ் வழியாக வந்தது. சில ஏ.எம்.டி. மெஷின்கள் விட்டு விட்டுத் திக்கியதற்கு 2022இல் வந்த மருந்தும் அப்படித்தான். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அதிக வோல்டேஜில் கெட்டுப்போவதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் வந்த திருத்தமும் அப்படித்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 11க்கு மாற டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சமாசாரம் வேண்டும் என்றார்கள். அதைத் தேடி பயாஸுக்குள் புகுந்தவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு, மெஷின் எழும்போது ஆள் மாறாட்டம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் 'செக்யூர் பூட்'டின் 2011ஆம் வருஷத்துச் சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி 2026 ஜூனில் தொடங்குகிறது.

ஆக, பயாஸ் அப்டேட் என்பது இனிமேல் இன்ஜினீயர் சமாசாரம் இல்லை. உங்களுக்கும் எனக்கும் வரும்.

மாவைப் பார்த்து அரிசி சொல்லுங்கள்!

சரி, ஆயாவுக்கு மருந்து கொடுத்தால் முதலாளி ஏன் திருடன் ஆகிறார்?

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது ஆக்டிவேஷன் என்கிற சம்பிரதாயம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. ஒரே சி.டி.யை ஊர் முழுக்கப் பந்தி பரிமாறுவதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்த வழி அது. உங்கள் மெஷினின் பாகங்களில் இருக்கும் நம்பர்களை, மதர்போர்டு, ப்ராஸஸர், நெட்வொர்க் கார்டு, டிஸ்க் என்று ஒன்று விடாமல் அள்ளி, மாவு மில்லில் கொட்டுகிற மாதிரி கொட்டி அரைத்து ஒரு அடையாளம் தயாரிப்பார்கள். மாவைப் பார்த்து இது எந்த வயல் அரிசி என்று சொல்ல முடியாது. ஆனால் அதே அரிசியை மறுபடி அரைத்தால் அதே மாவு வரும். அந்த அடையாளத்தைத்தான் சர்வரில் பதிந்து வைக்கிறார்கள்.

மெமரியைக் கூட்டினால், டிஸ்க்கை மாற்றினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மதர்போர்டுதான் மூலவர். அது மாறினால் 'வேறு மெஷின்' என்று முடிவு கட்டிவிடும்.

உங்கள் லைசென்ஸ் மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று, 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கம்பெனிக்காரர்கள் 25 எழுத்து கீயை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். பழைய மாதிரி பெட்டியின் முதுகில் கீ ஸ்டிக்கர் தேடினால் கிடைக்காது. இரண்டு, டிஜிட்டல் லைசென்ஸ். 2015 ஜூலை 29 முதல் ஒரு வருஷம் விண்டோஸ் 10ஐ இலவசமாகக் கொடுத்தார்களே, அப்போது ஏறியவர்களுக்கெல்லாம் கையில் தனி கீயே கிடையாது. சர்வரில் இருக்கும் பதிவுதான் சொத்து. மூன்று, கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கிய ரீடெயில் கீ. இதை மட்டும்தான் வேறு மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். முதல் வகை மதர்போர்டோடு உடன்கட்டை ஏறும்.

இப்போது கவனியுங்கள். பயாஸ் குடியிருக்கும் இடத்திலேயே மெஷினின் சீரியல் நம்பர், யு.யு.ஐ.டி. என்கிற தனி அடையாள எண், அந்த 25 எழுத்து கீ எல்லாம் ஒண்டுக் குடித்தனம் செய்கின்றன. முறையான அப்டேட் அவற்றைத் தொடாது. பத்தில் ஒன்பது பேர் அப்டேட் செய்துவிட்டு ஒன்றுமே நடக்காமல் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான். ஆனால் வேறு மெஷினில் எடுத்த காப்பியை அப்படியே சிப்பின் மேல் எழுதினாலோ, பொருந்தாத ஃபைலைத் திணித்தாலோ, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கதவு நம்பர் அழிந்து போகிற மாதிரி இவையும் அழிந்து போகும். அப்டேட்டுக்குப் பிறகு பயாஸின் சுவிட்சுகளெல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு.

அப்புறம் விண்டோஸ் சர்வரிடம் போய் நிற்கும். சர்வர், 'நீ யாரப்பா?' என்று கேட்கும். சைபர் எக்ஸ் சி 004 எஃப் 211 என்று லாரி நம்பர் மாதிரி ஒன்றைக் காட்டும். 'ஹார்டுவேர் மாறியிருக்கிறது' என்று அதற்கு அர்த்தம்.

ரேஷன் கடையில் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்கில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரேகை தேய்ந்துபோன விரலை மெஷினில் வைப்பார்கள். 'தெரியாது' என்று சொல்லிவிடும். எதிரே நிற்பவர் யாரென்று கடைக்காரருக்குத் தெரியும், வரிசைக்கே தெரியும். மெஷினுக்கு ஆளைத் தெரியாது, ரேகையைத்தான் தெரியும். விண்டோஸும் அப்படியே. அது உங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. மதர்போர்டைத்தான் பார்த்திருக்கிறது.

சில சமயம் தப்பு அந்தப் பக்கமும் இருக்கும். 2018 நவம்பர் 8 அன்று நியாயமாக வாங்கிய விண்டோஸ் 10 ப்ரோ மெஷின்கள் பல, 'உன்னிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்தான்' என்று உரிமையாளர்களிடமே சண்டைக்கு வந்தன. சர்வரில் கோளாறு என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு சரிசெய்தது. அவசரப்பட்டு அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியவர்களுக்கு வேலை இரட்டிப்பு. பொறுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

முந்நூறு ரூபாய் வைத்தியம்

இப்போது கல்லாப் பெட்டியில் நிற்கிற கைக்கு வருவோம்.

பையன் சொன்ன டூல் வேலை செய்யும். அதுதான் ஆபத்து. பெரிய ஆபீஸ்களில் நூற்றுக்கணக்கான மெஷின்களை ஆக்டிவேட் செய்ய கே.எம்.எஸ். என்று ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மெஷினும் 180 நாளுக்குள் அதனிடம் தலையைக் காட்ட வேண்டும். இந்த மாதிரி டூல்களில் பலவும் உங்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு போலி ஆபீஸர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, 'சரி, போ' என்று கையெழுத்துப் போடுபவைதான். அதை ஏற்றுவதற்கு முன் ஒரு நிபந்தனை இருக்கும்: ஆன்ட்டி வைரஸை அணைக்க வேண்டும். நாயைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திற என்கிற வைத்தியம்! பின்னாலேயே வேறு யார் நுழைகிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது. அந்த மெஷினில்தான் கடையின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு இருக்கிறது. பேங்க் லாகின் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எவ்வளவு பாக்கி என்கிற முழு ஜாதகமும் இருக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார ஆதாயம் இல்லாதவருக்கு கோர்ட் சலுகை காட்டலாம். முறுக்குக் கடை அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பில் போட்டு வாங்கியவர் அதுவரை நிரபராதி. முந்நூறு ரூபாய் கொடுத்த பிறகுதான் மூலையில் இருக்கிற எழுத்து நிஜமாகிறது!

"கையை எடுங்கண்ணா" என்றேன். "ரிட்டர்ன் போட இது வேண்டியதே இல்லை."

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். எக்ஸ்பி காலத்தில் 30 நாளைக்கு மேல் கதவைச் சாத்திவிடும். விண்டோஸ் 7 திரையைக் கறுப்பாக்கி மானத்தை வாங்கும். 10இலும் 11இலும் அப்படியில்லை. வால்பேப்பர் மாற்ற விடாது, கலர் மாற்ற விடாது, மூலையில் எழுத்து நிற்கும். மற்றபடி பில் அடிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம். அன்று ராத்திரியே 3பி போட்டோம். அரசாங்கம் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் பயாஸ் திரையைத் திறந்து பார்த்தால், சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. நம்பர் இல்லாத வவுச்சர் மாதிரி! பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரும் பில்லும் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பழைய அடையாளத்தை போர்டில் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். நெட் இணைப்பு கொடுத்ததும் எழுத்து தானாகக் காணாமல் போனது. பில்லைப் பத்திரமாக வைத்திருந்த புண்ணியம்.

குகைக்குள் மாட்டிய காசிம்

மூலை எழுத்து மானப் பிரச்னை மட்டும்தான். பயாஸ் அப்டேட்டில் நிஜமான வில்லன் வேறு ஆள்: பிட்லாக்கர்.

டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டி வைக்கிற வசதி இது. சாவியை டி.பி.எம். காப்பாற்றுகிறது. பயாஸ் மாறினால், 'வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள்' என்று டி.பி.எம். சந்தேகப்பட்டு சாவி தர மறுத்துவிடும். நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கொடுத்தால் திறக்கும். இல்லாவிட்டால் பத்து வருஷக் கணக்கும் உள்ளேயே சமாதி. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். உங்களைக் கேட்காது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எம்.ஜி.ஆரை வைத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தார்களே, அந்த அலிபாபா கதையில் குகைக்குள் போன காசிமுக்கு எல்லாம் கிடைத்தது. வெளியே வருகிற மந்திரச் சொல்தான் மறந்து போனது. ரெகவரி கீ இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்கிறவர் காசிமின் வம்சம்.

எம்.ஜி.ஆர். என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் லைசென்ஸ் எந்த வகை என்று கண்டுபிடிக்கும் கட்டளையிலேயே அவர் இருக்கிறார்! விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வருகிற கட்டத்தில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து வி.பி.எஸ். சேர்த்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி.எல்.ஐ. என்று அடியுங்கள். 'ஓ.ஈ.எம்.-டி.எம்.' என்று வந்தால் கீ மதர்போர்டில் இருக்கிறது. 'ரீடெயில்' என்றால் தனி உரிமை அல்லது டிஜிட்டல் லைசென்ஸ். வீட்டு மெஷினில் 'வால்யூம் கே.எம்.எஸ்.' என்று வந்தால், உங்களுக்கு விற்ற ஆசாமி முந்நூறு ரூபாய் வைத்தியத்தை முன்கூட்டியே செய்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்டேட்டுக்கு முன் பத்து நிமிஷம்

1. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து போட்டோ எடுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு லைசென்ஸ் இணைந்திருக்கிறது என்று அதில் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் அக்கவுன்ட்டில் நுழைந்து இணையுங்கள். இந்த வசதி 2016 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது.

2. பெட்டியின் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் பில்லையும் போட்டோ எடுங்கள். பில் பேப்பர் வெளுத்துவிடும், போட்டோ வெளுக்காது.

3. பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க கீயைப் பேப்பரில் எழுதுங்கள். அந்தப் பேப்பரை அதே லேப்டாப் பைக்குள் வைக்காதீர்கள்! பிறகு பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள்.

4. உங்கள் மாடல் நம்பருக்குக் கம்பெனியே கொடுக்கும் ஃபைலைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாளா என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கரன்ட் போனால் ஆயா அவுட்.

5. முடிந்ததும் சில ஏ.எம்.டி. மெஷின்கள் கறுப்புத் திரையில் 'எஃப்.டி.பி.எம்.மை ரீசெட் செய்யவா, ஒய்யா என்னா' என்று கேட்கும். ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய்யைத் தொடாதீர்கள்.

6. அப்படியும் எழுத்து வந்துவிட்டதா? நெட்டில் இணைத்து ஒரு நாள் பொறுங்கள். பயாஸின் சுவிட்சுகள் பழைய நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆக்டிவேஷன் பக்கத்திலேயே இருக்கும் 'ட்ரபிள்ஷூட்' பட்டனை அழுத்தி, 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அக்கவுன்ட்டில் உங்கள் மெஷின்களின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தொட்டுக் காட்டுங்கள். முதல் ஐட்டத்தைச் செய்தவருக்குத்தான் இந்தப் பட்டியல் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, "பயாஸில் கை வைப்பதாக இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்த மரியாதை பெட்டிக்கும் உண்டு.

காமர்ஸ் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: பணம் கொடுத்தேன் என்று சத்தியம் செய்தால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், வவுச்சர் கேட்பார். மைக்ரோசாஃப்ட் சர்வரும் ஒரு ஆடிட்டர்தான். என்ன, இந்த ஆடிட்டர் முறுக்கு கொடுத்தாலும் மசிய மாட்டார்!